மூன்றாம் தண்ணீர்

சித்ராவுக்குக் கைராசி உண்டு என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. எதற்கு மறுக்க வேண்டும்? அம்மை கண்ட வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் கையால் ஊற்றிக்கொண்ட ஒருவரும் மறுபடி பாயில் விழுந்ததில்லை. கொழுந்து கிள்ளுவதில் அவள் நடுத்தரம், சமையலில் அதற்கும் கீழே, கோபத்தில் மட்டும் முதல் தரம். ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம், நாளன்னைக்கு ஊத்துவோம்" என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

தேவிகுளத்துக்குக் கீழே இருக்கிற அந்த எஸ்டேட்டில் அம்மைக்கு மூன்று தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த நீரை, ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்கு ஊற்றுவார்கள். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிரத் தொடங்கிய பிறகுதான் முதல் தண்ணீர். மூன்றாவதும் ஊற்றியாகிவிட்டால் ஆளுக்கு விடுதலை. வாசலைத் தாண்டலாம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், வேலைக்கும் போகலாம். அதோடு அம்மன் இறங்கிவிட்டாள், விஷயம் முடிந்தது.

கொரோனா வந்த வருசம் அவள் புருசன் வேல்முருகனுக்குத்தான் லயத்தில் முதன்முதலாகக் காய்ச்சல் கண்டது. தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் ஓட்டுகிறவன். கண்ணை மூடிக்கொண்டு தூளை முகர்ந்தே எந்த ரகம் என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு வாசம் சுத்தமாகப் போய்விட்டது. லயத்தின் கோடியில் காலியாகக் கிடந்த வீட்டில் அவனைப் போட்டு வைத்தார்கள். அவன் காய்ச்சலுக்குப் பயப்படவில்லை, மூக்கு போய்விட்டதே என்று ஜன்னலுக்குள் உட்கார்ந்து அழுதான்.

சித்ராவுக்கு அங்கேதான் ஒரு யோசனை வந்தது. இந்த நோய்க்குக் கொப்புளமும் இல்லை, பொருக்கும் இல்லை. எதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது? அவள் தினமும் ஒரு டம்ளரில் தேயிலைத் தூளை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியாக அவன் மூக்கடியில் நீட்டினாள். ஒருநாள் அவன், "லேசா ஏதோ வருதுடி" என்றான். அன்றைக்கு முதல் தண்ணீர். வாசம் தெளியத் தெளிய அடுத்த இரண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றின சாயங்காலமே வீட்டுக்குள் வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் அடுத்தடுத்து ஏழெட்டுப் பேருக்கு வந்தது. எல்லோருக்கும் மூக்கு அடைபட்டது, எல்லோருக்கும் தூள் டம்ளர் நீட்டப்பட்டது, வாசம் வந்ததும் சித்ரா தண்ணீர் ஊற்றினாள். ஒரு உயிர் போகவில்லை. ஒருவரிடமிருந்து வீட்டிலிருந்த இன்னொருவருக்குப் பரவியதாகக்கூடப் பேச்சில்லை. பக்கத்து டிவிஷனிலிருந்து ஆட்கள் வந்து, "எப்படிக்கா பாக்குறீக?" என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். சித்ரா அதை எவ்வளவு ரசித்தாள் என்பதை அவள் புருசனிடம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த வருசம் சித்திரை கழிந்து மழை தொடங்கின நேரத்தில் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை வந்தது அவள் தம்பிக்கு.

ராஜசேகர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். அம்மா அப்பா போன பிறகு சித்ராதான் அவனை வளர்த்து ஆளாக்கினாள். லாக்டவுனில் டூரிஸ்ட் யாரும் இல்லாததால், உடுமலைப்பேட்டையிலிருந்து காய்கறி ஏற்றிவந்து எஸ்டேட் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ரிசார்ட்டில் வேலை பார்க்க வந்த கொல்லங்கோட்டுப் பெண் இந்துவைக் காதலித்துக் கட்டியிருந்தான். இந்து இப்போது நிறைமாசம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். லாக்டவுனில் அங்கிருந்து அழைக்க வரவும் முடியவில்லை, இங்கிருந்து கொண்டுபோய் விடவும் முடியவில்லை. அதனால் அவளுக்கு அம்மா, மாமியார் எல்லாம் சித்ராதான்.

ராஜசேகருக்கு உடம்பு அனலாய்க் கொதித்த அன்றே சித்ரா அவனைக் கோடி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இந்துவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வரைக்கும் அவள் செய்தது அத்தனையும் சரி. பிறகு எத்தனையோ தடவை மனசுக்குள் அந்த நாட்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதும், அந்த ஒரு காரியத்தில் அவளால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஸ்ரீஜித் மழைக்கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கோடி வீட்டு வாசலில் வைத்தே டெஸ்ட் எடுத்தார். ஒற்றப்பாலத்துக்காரர், தமிழும் மலையாளமுமாகப் பேசுவார். கிட்டில் சொட்டு விட்டுவிட்டு நிமிர்வதற்குள் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேச்சி, இந்தக் கோட்டைப் பாத்தீங்களா? துளி விட்ட உடனே வந்துச்சு. போன வருஷம் இதுக்குக் கால் மணி நேரம் காத்து நிக்கணும். அப்பவும் மங்கலாத்தான் தெரியும்."

"அதுக்கு என்ன சார் இப்ப?"

"உள்ள நெறைய இருக்குன்னு அர்த்தம். போன வருஷம் வந்தது மூக்குல ஒரு ஸ்பூன் இருந்துச்சுன்னா, இது ஒரு குடம் இருக்கும். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே நெறஞ்சிரும். காய்ச்சல் போனாலும் சீக்கிரம் காலியாகாது. இது பழைய ஆளில்ல சேச்சி, இது வேற ஆளு."

"எல்லாம் ஒரே கொரோனாதான சார்."

"பேரு ஒண்ணுதான். குணம் வேற. பதினேழு நாள் இவரை வெளிய விடாதீங்க, கேட்டோ. வீட்ல கர்ப்பிணி இருக்கு. நான் விளிக்கிறேன், போன் எடுக்கணும்."

சித்ரா தலையாட்டினாள். அவர் போன பிறகு வேல்முருகனிடம் வந்து பொரிந்து தள்ளினாள். "போன வருசம் ஒரு கணக்கு சொன்னாங்க, நடுவுல மாத்துனாங்க, இப்ப இன்னொரு கணக்கு. சர்க்காருக்கு நாளு எண்ணத்தான் தெரியும். ஆளு மூஞ்சியப் பாக்கத் தெரியாது." வேல்முருகன் எப்போதும்போல் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினான். அவனுக்குச் சண்டை என்றால் ஆகாது.

அன்று சாயங்காலம் தூள் டம்ளரைக் கொண்டுபோய் ஜன்னலில் நீட்டினாள். காய்ச்சல் கண்ணைச் சிவக்க அடித்திருந்தது, ஆனாலும் ராஜசேகர் சிரித்தான்.

"நல்லா வருதுக்கா வாசம். மச்சான் இன்னிக்குக் கொஞ்சம் கருக விட்டுட்டாரு போல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசம் போகவே இல்லையா? மறுநாளும் நீட்டினாள். அன்றைக்கும் வாசம் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. அவள் கண்டு வைத்திருந்த ஒரே அடையாளம் அதுதான். அது ஆரம்பத்திலிருந்தே, எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இது வேற ஆளு என்று அந்த மனிதர் சொன்னதை, அது வேற ஆளு என்றால் லேசான ஆளாகத்தான் இருக்கும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்போம். பயத்துக்கு ஏற்ற அர்த்தத்தை விட, ஆசைக்கு ஏற்ற அர்த்தம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது. ராஜசேகர் ஜன்னலில் உட்கார்ந்து பாட்டுப் பாடினான். கஞ்சி போதாது, கறி வேண்டும் என்றான். அக்கா, எப்ப ஊத்துவ என்று காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவை கேட்டான்.

வீட்டுக்குள்ளே இந்து. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தன. மழை ஓயாமல் கொட்டியது. எங்கோ மண் சரிந்து ஆம்புலன்ஸ் வருவதற்கு அரை நாள் ஆனது என்று பக்கத்து எஸ்டேட்டிலிருந்து செய்தி வந்ததும் அவள் வெலவெலத்துப் போனாள்.

"ஏனுங்க அண்ணி, வலி வந்துருச்சுன்னா என்னங்க பண்றது? வண்டி நம்மகிட்ட இருக்குதுங்க, ஓட்டறவரு அந்த ஊட்டுக்குள்ள இருக்காருங்க."

"வந்துருவான் தாயி. அவன் நல்லாத்தான் இருக்கான். நீ வீணாப் பயப்படாத."

"அவரு பக்கத்துல இருந்தாப் போதுங்க அண்ணி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க."

இந்து கேட்டது அவ்வளவுதான். அதைக் கொடுப்பது சித்ராவின் கையில் இருந்தது, அல்லது அப்படி இருப்பதாக லயம் முழுவதும் நம்பியது. முதல் தண்ணீர் ஊற்றினாள். ஒருநாள் விட்டு இரண்டாவதும் ஊற்றினாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டிய காலையில் அவள் குடத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிவப்புக் கோடு கண்முன் வந்து நின்றது. ஸ்ரீஜித்தைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் அவர் மழையென்றும் பாராமல் வருவார். வந்து கோட்டைப் பார்த்துவிட்டுக் கூடாது என்பார். அதனால்தான் அவள் கூப்பிடவில்லை. சொல்லப்போனால், அவள் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். போன் திண்டின்மேல் கிடந்து சுற்றிச் சுற்றி அதிர்ந்தது. அவர் பேரைப் பார்த்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். மணி ஓய்ந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ராஜசேகர் குளிரில் பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டே குனிந்தான். மூன்றாம் தண்ணீர் அவன் தலையில் இறங்கியது.

அன்று மழை பலத்ததால் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லயத்து வீட்டில் அறை என்பது நாலு பேர் கால் நீட்டினால் முடிந்துவிடும் இடம். வேல்முருகன் கோழி வாங்கிவந்திருந்தான். ராஜசேகர் இந்துவின் வயிற்றோடு வாய் வைத்துப் பிள்ளையிடம் கதை பேசினான், உடுமலைப்பேட்டை செக்போஸ்ட்டில் தக்காளிக்கூடைக்கு அடியில் போலீஸ்காரர் என்ன தேடினார் என்று நடித்துக் காட்டினான். இந்து சிரித்துச் சிரித்து, "போதுமுங்க, வயிறு வலிக்குதுங்க" என்று அவன் வாயைப் பொத்தினாள். அடுப்புச் சூட்டில் அறை கதகதவென்று இருந்தது. எல்லோரும் எல்லோருடைய மூச்சையும் வாங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள். சித்ரா அன்று சந்தோசமாக இருந்தாள். அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து இந்துவுக்கு உடம்பு வலித்தது. அதை நிறைமாசத்து வலி என்று நினைத்தார்கள். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள், ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். ஸ்ரீஜித் வந்து அவள் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எங்கேயும் மண் சரியவில்லை, வண்டி உடனே வந்தது. எதற்குப் பயந்தார்களோ அது நடக்கவே இல்லை.

பதினேழு நாள் முடியவில்லை என்று ராஜசேகரை ஏற்றவில்லை, வேல்முருகன் கூடப் போனான். சித்ராவும் ஏறப் போனாள். ஸ்ரீஜித் அவளை நிறுத்தி மூக்கில் குச்சி விட்டார். கோடு விழுந்தது. அதே வேகத்தில், அதே சிவப்பில்.

"உங்களுக்கும் இருக்கு சேச்சி. கோடி வீட்டுக்குப் போங்க."

அவர் திட்டவில்லை. ஏன் போன் எடுக்கவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

சித்ராவுக்குக் காய்ச்சல் இரண்டு நாள்தான் அடித்தது. அதற்குப் பிறகு கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன, பசித்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. ஜன்னலில் அவளுக்கென்று யாரோ வைத்துவிட்டுப் போன டம்ளரில் தூள் இருந்தது. அதை எடுத்து முகர்ந்தாள். கும்மென்று வாசம் ஏறியது. ஒருநாள்கூட அது குறையவில்லை.

ஸ்ரீஜித் வருகிறபோதெல்லாம் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவரும் பாவம் என்று எடுத்தார். முதல் வாரம் கோடு. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், அவள் தம்பிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அதே நாள் கணக்கில், அடர்த்தியான கோடு. அதற்குப் பிறகும் கோடு. இரண்டாம் வாரம் முடிகிற நேரத்தில்தான் அது வெளிறத் தொடங்கியது. அவள் அந்த வெள்ளை டெஸ்ட் கிட்டுகளை ஜன்னலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"சார், இவ்வளவு நாளும் இது எனக்குள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்."

"அதுதான் இதோட குணம். பழசு ஆளைக் கொஞ்சம் படுத்தி எடுத்து, சீக்கிரம் ஒடுங்கிப் போச்சு. இது இருக்கிறதே தெரியாம இருந்து, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கொடுத்துரும்."

தம்பி அந்தக் கோழிச் சோற்றைத் தின்றபோது அவனுக்குள் ஒரு குடம் நிறைய இருந்தது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்குக் கொடுத்ததும் அதுதான், இந்துவுக்குக் கொடுத்ததும் அதுதான். வேல்முருகனுக்குப் போன வருசம் வந்து போனதாலோ என்னவோ அவனை அது தொடவில்லை. லயத்தில் போன வருசம் தண்ணீர் ஊற்றின பிறகு யாரிடமிருந்தும் பரவாமல் இருந்தது அவள் கைராசியால் இல்லை. வந்த ஆள் அப்படிப்பட்டவன், அவ்வளவுதான். இத்தனை நாள் தன் பெருமை என்று தூக்கி வைத்திருந்ததெல்லாம் வேறு எவனுடையதோ என்று நினைத்தபோது அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கீழே மெடிக்கல் காலேஜில் பிள்ளையை அறுத்து எடுத்தார்கள். பெண் பிள்ளை, எடை குறைவு, ஆனால் மூச்சு நன்றாக இருந்தது. இந்துவுக்கு மூச்சு நன்றாக இல்லை. பிள்ளையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை காட்டினார்களாம். பிள்ளை பிறந்து ஒரு வாரத்துக்குள் இந்து செத்துப்போனாள். அங்கேயே எரித்துவிட்டார்கள். கொல்லங்கோட்டிலிருந்து அவள் அம்மா போனில்தான் அழுதாள். அந்த அழுகையைக் கேட்க முடியாமல் சித்ரா போனை மடியில் வைத்துக்கொண்டு, ஆனால் துண்டிக்காமல், உட்கார்ந்திருந்தாள்.

கோடி வீட்டிலிருந்து அவள் வெளியே வந்தபோது லயம் அவளைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது. பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"ஸ்கேனுக்குன்னு இந்துவ டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாகல்ல, அங்கதான் ஒட்டிக்கிருச்சு" என்றாள் கத்தரீனாள். அவள் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறவள். "நம்ம லயத்துல ஒழுங்கா தண்ணி ஊத்தி எடுத்த யாருக்கு என்ன ஆச்சு? ராஜசேகரப் பாரு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கான்."

ராஜசேகரும் அதைத்தான் சொன்னான். எல்லோரையும் விட அழுத்தமாகச் சொன்னான். சோறு தண்ணி இல்லாமல் படியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "ஸ்கேனுக்குப் போன எடத்துலதான்" என்று அவனாகவே ஆரம்பித்தான். ஒரு தடவை சித்ரா வாயைத் திறந்தாள். அவன் அவசரமாக எழுந்து குழாயடிக்குப் போய்விட்டான். அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. தெரிந்ததை உள்ளே வர விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கையை எடுத்துவிட்டால் அவன் விழுந்துவிடுவான். விழுந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று அவள் பயந்தாள். அதனால் பேசாமல் இருந்தாள்.

அவள் வாயை மூடிக்கொண்டதால் நோய் வாயை மூடிக்கொள்ளவில்லை. கத்தரீனாளின் மகன் பிச்சைமணிக்குக் காய்ச்சல் கண்டது. அவனைக் கோடி வீட்டில் வைத்தார்கள். காய்ச்சல் விட்டது. தூள் வாசம் முதல் நாளிலிருந்தே வந்தது. கத்தரீனாள் மாதாவைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் அம்மைத் தண்ணீருக்கு லயத்தில் மதம் கிடையாது. சித்ராவிடம் வந்து நின்றாள்.

"ரெண்டு தண்ணி நானே ஊத்திட்டேன் சித்ரா. மூணாவதை நீ ஊத்து. ஒன் கையால ஊத்துனாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"ஊத்த வேண்டாம்க்கா. அவன் அங்கேயே கெடக்கட்டும், இன்னும் நாளு இருக்கு."

"அவுக அப்பனுக்கு இழுப்பு அதிகமாயிருச்சு. ராத்திரி எந்திரிச்சு உக்கார வைக்க எனக்குத் தெம்பு இல்ல. பிள்ளை வந்தாத்தான் தூக்குவான்."

பிச்சைமணியின் அப்பாவுக்கு ஆஸ்துமா. குளிர் காலத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்த மனிதர் இருக்கிற அறைக்குள் பிச்சைமணி போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சித்ரா நினைத்துப் பார்த்தாள்.

"முடியாதுக்கா" என்றாள். "ஏன்னு கேக்காதீக. முடியாது."

கத்தரீனாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு திரும்பினாள். அதைப் படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ராஜசேகர் எழுந்தான்.

"நான் ஊத்துறேன் கத்தரீனாக்கா."

மறுநாள் காலையில் சித்ரா கோடி வீட்டுக்குப் போனபோது கூட்டம் கூடியிருந்தது. தூறலில் குடை பிடித்துக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்றார்கள். பிச்சைமணி இடுப்பில் துண்டோடு வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தான். ராஜசேகர் வேப்பிலைக் குடத்தைத் தோளுக்குத் தூக்கியிருந்தான். குடம் சாய்ந்து தண்ணீர் அவன்மேலேயே சிந்திக்கொண்டிருந்தது.

"வைடா கொடத்த" என்றாள் சித்ரா.

"மாட்டேன். நீ ஊத்தல, நான் ஊத்துறேன். எனக்கு நீ ஊத்துன அதே தண்ணிதான். நான் நல்லாத்தான இருக்கேன்?"

"நீ நல்லா இருக்க."

"அப்ப இவனும் நல்லாத்தான் இருப்பான். என்ன தப்பு? சொல்லு. எல்லாரும் இருக்காக, சொல்லு. இந்துவுக்கு ஸ்கேனுக்குப் போன எடத்துலதான வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவளையே பார்த்தான். சின்ன வயசில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, பூனைதானே தட்டிவிட்டது என்று அவளிடம் கேட்பான். அப்போதெல்லாம் அவள், ஆமாம், பூனைதான் என்று சொல்லியிருக்கிறாள். இப்போதும் அதைத்தான் கேட்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி பிழைத்துக்கொள்வான். பிச்சைமணி துண்டை உதறிவிட்டு அப்பாவிடம் போவான்.

மூன்று வீடு தள்ளி அந்த மனிதர் இருமுகிற சத்தம் கேட்டது.

"இல்லடா" என்றாள் சித்ரா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஸ்கேனுக்குப் போயி வந்து எத்தனையோ நாளாயிருந்துச்சு. அங்க வரல. நீதான்டா அவளுக்குக் கொடுத்த. நீ நல்லா இருந்த, நல்லா இருந்துக்கிட்டே கொடுத்த. ஒனக்குள்ள அது நெறஞ்சு கெடந்தப்ப நான்தான் ஒன்ன வெளிய விட்டேன். விடாதீங்கன்னு அந்த ஆளு சொன்னாரு. போன் அடிச்சாரு. தெரிஞ்சேதான் நான் எடுக்கல."

ராஜசேகர் குடத்தை மெதுவாக இறக்கிக் கல்லின்மேல் வைத்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவ்வளவு கவனமாக வைத்தான். பிறகு எங்கே போவதென்று தெரியாதவன்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

பிச்சைமணிதான் முதலில் எழுந்தான். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கோடி வீட்டுக்குள் போய் உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். கத்தரீனாள் குடையை மடக்கி நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினாள். மற்றவர்களும் கலைந்தார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் ஒருவருக்கு முந்தின நாளிலிருந்து உடம்பு வலி என்று சித்ராவுக்குத் தெரியும். அதற்கும் மறுநாள் இன்னொரு வீட்டில் வரும். இனி அவளிடம் யாரும் கேட்க வரப் போவதில்லை. அந்த வருத்தம்கூட அவளுக்கு அப்போது இல்லை.

அன்று மத்தியானம் வேல்முருகன் பிள்ளையைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் எடை தேறின பிறகு கொடுத்தனுப்பியிருந்தார்கள். பச்சைத் துணியில் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிந்தது. சித்ரா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடியும் கழுவி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வாங்கினாள். இந்துவின் நெற்றி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் விம்மி விம்மி அழுதாள். அழுகையில் குழந்தை மேல் சாய்ந்துவிடக் கூடாதே என்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ராஜசேகர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வந்து போய் மாசம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்ரீஜித் அவனுக்கு மறுபடி டெஸ்ட் எடுத்து, ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லியிருந்தார். ஆனாலும் அவன் படியேறவில்லை. முகத்தில் இருந்த துணியை மூக்குக்கு மேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அக்கா" என்றான். "நான் பாப்பாவத் தூக்கலாமா?"

சித்ரா அவனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள்.

"தெரியலடா" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றான்.